அரைத்தளத்தில் மோதும் அலை சோறு போடுமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 33. பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஆய்வுப் பொருள் அலைச் சிதறல். விரிசல், விளிம்பு, மெல்லிய தகடு இவற்றில் மீயொலி (காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலி) மோதினால் எந்தத் திசையில் எவ்வளவு சிதறும் என்பதை, விளிம்புள்ள வடிவங்களுக்கென்றே உள்ள வீனர்–ஹாப் என்ற கணித முறையில் கையாலேயே கணக்கிடத் தெரிந்தவர். பட்டத்துக்குப் பிறகு இரண்டு போஸ்ட்டாக் பணிகள் (முனைவர்களுக்கான தற்காலிக ஆய்வுப் பணி), 11 கட்டுரைகள். நிரந்தர ஆசிரியப் பணிக்கு 14 இடங்களில் விண்ணப்பித்து, 2 நேர்காணல் வரை போய், கையில் ஒன்றும் இல்லை. இப்போதைய ஒப்பந்தம் இன்னும் ஐந்து மாதத்தில் முடிகிறது.

இந்த நேரத்தில் வெல்டிங் இணைப்புகளை மீயொலியால் சோதிக்கும் கருவிகள் செய்யும் ஒரு நிறுவனம் அவரை நிரந்தர வேலைக்கு அழைத்திருக்கிறது. மூன்று வாரத்தில் பதில் சொல்ல வேண்டும். அவருடைய ஆய்வு வழிகாட்டியோ, "ஒரு வருட நீட்டிப்பு வாங்கித் தருகிறேன். வெளியே போனால் திரும்ப முடியாது" என்கிறார். வாசகி முக்கியமாகக் கேட்பவை நான்கு. கணினி எல்லாவற்றையும் கணக்கிடும் காலத்தில் என் துறை செத்துவிட்டதா? போனால் திரும்ப முடியுமா? நான் எழுதிய நிரலை எடுத்துப் போகலாமா? அந்த நிறுவனம் கடற்படைக்கான சோனார் (நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி) வேலையும் கொஞ்சம் செய்கிறது, அதற்கு என்ன செய்வது? இடையில் ஒரு வரி: "அரைத்தளத்தில் மோதும் அலையைக் கட்டிக்கொண்டு பத்து வருடம் அழுதது என் தவறா?"

அன்புள்ள வாசகிக்கு,

நானும் சிதறல் கணக்குகளோடு 11 வருடம் கிடந்த ஆள்தான். ஆய்வாளர்களுக்கு வேலை ஆலோசனை சொல்லும் தொழிலுக்கு அதன் பிறகே வந்தேன். அதனால் உங்கள் கடிதத்தை ஒரு முறை ஆலோசகராகவும் ஒரு முறை பழைய சகபாடியாகவும் படித்தேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீட்டிப்பைவிட நிறுவன வேலை உங்களுக்கு நல்லது. ஆனால் அவர்கள் அனுப்பியிருக்கும் ஒப்பந்தத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். வரிசை உங்களுடையதுதான், ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் வராது.

துறை செத்துவிட்டதா?

1896இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்ட், ஒரே ஒரு நேர் விளிம்பு மட்டும் கொண்ட முடிவில்லாத மெல்லிய தகட்டில் (இதைத்தான் அரைத்தளம் என்கிறோம்) அலை மோதுவதை எடுத்துக்கொண்டு, நிழல் பக்கம் எவ்வளவு அலை வளைந்து நுழைகிறது என்பதற்குத் துல்லியமான விடை கண்டார். அப்படி ஒரு தகடு உலகில் எங்கும் இல்லை. 1962இல் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜோசப் கெல்லர், எந்த விளிம்பையும் மிக அருகில் போய்ப் பார்த்தால் அது அந்த அரைத்தளம் அல்லது ஆப்பு மாதிரித்தான் தெரியும் என்ற எண்ணத்தை வைத்து, விளிம்பிலிருந்து கிளம்பும் கதிர்களுக்கு ஒரு கணக்குமுறையை வெளியிட்டார். சாமர்ஃபெல்டின் விடை அதற்குள் ஒரு குணகமாக உட்கார்ந்திருக்கிறது. 1970களில் பிரிட்டனில் மாரிஸ் சில்க், எஃகில் இருக்கும் விரிசலின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் பட்டுச் சிதறும் மீயொலி வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளந்து விரிசலின் உயரத்தைச் சொல்லும் முறையை உருவாக்கினார். விரிசலின் முனை என்பது வேறென்ன? அரைத்தளத்தின் விளிம்புதான்.

உங்களை அழைத்த நிறுவனம் "முனைகளிலிருந்து வரும் எதிரொலியின் நேரத்தை அளக்கிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த எதிரொலி ஏன் அவ்வளவு மெலிதாக வருகிறது, மீயொலியை அனுப்பிக் கேட்கும் ஆய்வுமுனையை எந்தக் கோணத்தில் வைத்தால் சற்றுப் பலமாகக் கேட்கும் என்பது நீங்கள் அனுப்பிய ஆய்வேட்டுச் சுருக்கத்தில் மூன்றாம் அத்தியாயம். அவர்கள் உங்களை இரக்கப்பட்டுக் கூப்பிடவில்லை.

அடுத்து, "எல்லாவற்றையும் ஃபைனைட் எலிமென்ட்டில் போட்டுவிடலாமே" என்ற உங்கள் பயம். பொருளைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிக் கணினியில் கணக்கிடும் முறை அது. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். எஃகில் 5 மெகாஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளம், நெட்டலைக்கு, ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். 12 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துண்டு என்றால் ஒவ்வொரு பக்கமும் 100 அலைநீளம். அலைநீளத்துக்கு 10 புள்ளி என்று சிக்கனமாக வைத்தாலும் பக்கத்துக்கு 1000 புள்ளி, மொத்தம் நூறு கோடி. குறுக்கலையின் அலைநீளம் அதில் பாதியைவிடச் சற்றுதான் அதிகம் என்பதால் புள்ளிகள் இன்னும் ஆறு மடங்கு கூடும். அதிர்வெண்ணை இரட்டித்தால் எட்டு மடங்கு. இதோடும் முடியவில்லை. அலை போகும் தூரம் நீள நீள அதன் கட்டத்தில் (phase) சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அலைநீளத்துக்கு அதே 10 புள்ளி பிறகு போதாது. பெரிய கணினி இதைச் செய்யும், மறுக்கவில்லை. ஆனால் விரிசலின் சாய்வையும் நீளத்தையும் ஆழத்தையும் மாற்றி மாற்றி ஆயிரக்கணக்கான முறை ஓட்ட வேண்டியிருக்கும்போது, ஒரு வரிச் சூத்திரம் வைத்திருப்பவரைத் தேடித்தான் வருவார்கள்.

இன்னொரு பயன்பாடும் இருக்கிறது. அதைப் பல்கலைக்கழகத்தில் யாரும் உங்களிடம் பாராட்டிச் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் முன்பு இருந்த ஒரு குழுவில், இழப்பே இல்லாத குழாயில் அலை போவதைக் கணக்கிடும் நிரல் ஒன்று இருந்தது. திரும்பி வந்த ஆற்றலின் பங்கும் கடந்து போன ஆற்றலின் பங்கும் கூட்டினால் 1 வர வேண்டும். வந்தது 1.03. "மூணு சதவீதம்தானே, விடுங்க" என்றார்கள். விட்டிருந்தால் அடுத்த ஆறு மாத வேலை முழுவதும் வீண். குழாயின் கோடியில் வெளியேறிப் போக வேண்டிய அலை, கணினி போட்ட செயற்கை எல்லையில் முட்டிக் கொஞ்சம் திரும்பிக்கொண்டிருந்தது. திரையில் படம் அழகாகத்தான் இருந்தது. ஆற்றல் அழியாது, மூலத்தையும் பெறுநரையும் இடம் மாற்றினாலும் விடை மாறாது, நீண்ட அலைகளுக்கு ராலே 1871இல் சொன்ன நான்காம் அடுக்கு விதி (அலைநீளம் இரட்டித்தால் சிதறல் பதினாறில் ஒரு பங்காகும்) வர வேண்டும், குறுகிய அலைகளுக்குக் கதிர்க் கணக்கு வர வேண்டும். இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டு ஒரு விடையைப் பார்த்ததும் "இது தப்பு" என்று சொல்கிற ஆள் எந்தக் கணக்கீட்டுக் குழுவுக்கும் தேவை. உங்களுக்கு அது பழகிப்போனதால் திறமையாகவே தெரியவில்லை.

இயந்திரக் கற்றல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். விரிசல் கண்டுபிடிக்கக் கணினியைப் பழக்குவதற்கு ஆயிரக்கணக்கான விரிசல்களின் அளவீடு வேண்டும். நிஜ விரிசல்கள் அந்த எண்ணிக்கையில் கிடைப்பதில்லை, கிடைக்காததற்கு நாம் சந்தோஷப்படவும் வேண்டும். ஆகவே சிதறல் கணக்குகளிலிருந்தும் பயிற்சித் தரவைச் செய்துகொள்கிறார்கள். கணக்கு பிசகினால் பயிற்சியும் பிசகும்.

துறை குறுகியது என்று நீங்கள் நினைப்பதற்குக் காரணம் உங்கள் சுயவிவரத்தின் முதல் வரி: "அரைத்தள விளிம்பு விளைவுக்கான அணி வீனர்–ஹாப் காரணிப்படுத்தல்". இதைப் படித்துப் புரிந்துகொள்பவர்கள் உலகில் ஒரு கருத்தரங்க அறைக்குள் அடங்குவார்கள். நீங்கள் கையாளும், அலைகளை விவரிக்கும் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சமன்பாடும் அதன் நெருங்கிய உறவுகளும் சோனாரிலும் ரேடாரிலும் நிலநடுக்க அலைகளிலும் மருத்துவ மீயொலியிலும் துருவக் கடல்பனிக்குள் நுழையும் அலைகளிலும் இருக்கின்றன.

திரும்பி வர முடியுமா?

உங்கள் வழிகாட்டி சொன்னதில் பாதி உண்மை. தூய கணிதத் துறை ஒன்றில் ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு போய் நின்றால் கதவு அநேகமாகத் திறக்காது. ஆனால் பொறியியல் துறைகள், கணக்கீட்டு அறிவியல் துறைகள், ஒலியியல் ஆய்வு மையங்கள் தொழில் அனுபவத்தைக் குறையாகப் பார்ப்பதில்லை.

யோசனைகள் பல்கலைக்கழகத்தில் மட்டும்தான் பிறக்கும் என்று உங்கள் கடிதம் நெடுக ஒரு நம்பிக்கை தெரிகிறது. அதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். 1940களின் பிற்பகுதியில் அர்ஜென்டினாவின் அரசு எண்ணெய் நிறுவனத்தில் ஆல்பெர்ட்டோ கால்டெரோன் பொறியாளராக இருந்தார். பூமியின் மேற்பரப்பில் மின் அளவீடு எடுத்தால் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்வி அவருக்கு அங்கேதான் எழுந்தது. பிறகு கணிதத்துக்குப் போய்ப் பெரும்பெயர் பெற்றார். அந்தக் கேள்வியைக் கட்டுரையாக வெளியிட்டது 1980இல். நேர்மாறு கணக்குகள் என்ற துறையில் இன்று ஒரு பெரிய கிளை அந்தச் சின்னக் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. நான் மேலே சொன்ன செயற்கை எல்லைத் தொல்லைக்கு 1994இல் மிக நல்ல மருந்து கண்டுபிடித்த ழான்-பியேர் பெரெங்கர், பிரான்ஸின் பாதுகாப்புத் துறை ஆய்வு மையத்தில் வேலை பார்த்தவர்.

இவர்களைக் காட்டி உங்களுக்கு நம்பிக்கை ஊட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். வெளியே போய்க் காணாமல் போனவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அதனால் அவர்களை எடுத்துக்காட்டாகச் சொல்ல முடிவதில்லை. திரும்புகிறவர்களிடம் நான் பார்த்த பொது அம்சம் ஒன்றுதான்: வெளியே இருந்த காலத்திலும் அவர்கள் பெயரில் ஏதாவது வெளியாகிக்கொண்டிருந்தது. வருடத்துக்கு ஒன்று போதும். அதனால்தான் ஒப்பந்தத்தில் வெளியீடு பற்றிய பிரிவைச் சம்பளத்தைவிடக் கவனமாகப் படிக்கச் சொல்லப்போகிறேன்.

நீட்டிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் வழிகாட்டியைத் தவறாகச் சொல்லவில்லை, உங்கள் மேல் அக்கறை உள்ளவராகத்தான் தெரிகிறார். ஆனால் அவருடைய திட்டத்துக்கும் அடுத்த வருடம் முடிக்கப்பட வேண்டிய வேலை இருக்கிறது, அதைச் செய்யத் தெரிந்தவர் நீங்கள். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நீட்டிப்புக்கான பணம் ஒதுக்கப்பட்டுவிட்டதா, இல்லை விண்ணப்பத்தில் இருக்கிறதா? அந்த வருடத்தில் நான் தனியாகப் பாடம் நடத்த முடியுமா? என் பெயரில் ஒரு நிதி விண்ணப்பம் போக முடியுமா? மூன்றுக்கும் "ஆம்" என்றால் நான் சொன்னதை மறுபடி யோசிக்கலாம். "பார்க்கலாம்" என்று வந்தால், அடுத்த வருடம் இதே நாளில் இதே கடிதத்தை 34 வயதில் எழுதுவீர்கள்.

இன்னொரு விஷயம், சின்னதுதான், ஆனால் உங்களுக்குச் சேதம் செய்திருக்கலாம். கணிதக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்களை அகர வரிசையில் போடுவது வழக்கம். உங்கள் 11 கட்டுரைகளில் 8 அப்படித்தான், உங்கள் பெயரோ ஆங்கில எழுத்து வரிசையில் கடைசிப் பக்கம். பொறியியல் தேர்வுக் குழு அதைப் படிக்கும்போது, வேலை செய்தவர் முதலில், பணம் வாங்கித் தந்தவர் கடைசியில் என்ற தங்கள் வழக்கப்படிதான் படிக்கும். உங்கள் வயதில் கடைசிப் பெயர் என்றால், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர் என்றுகூட எண்ணிவிடும். கட்டுரைப் பட்டியலின் தலையில் "பெயர்கள் அகர வரிசையில்" என்று ஒரு வரி சேருங்கள். ஒவ்வொன்றிலும் உங்கள் பங்கு என்ன என்று பத்துச் சொல்லில் எழுதுங்கள்.

நிரல் யாருடையது?

"நான் எழுதியது, என்னுடையது" என்கிறீர்கள். அநேகமாக அப்படி இல்லை. வேலையின் பகுதியாக எழுதிய நிரலின் உரிமை, ஒப்பந்தம் வேறு மாதிரிச் சொல்லாவிட்டால், பல நாடுகளில் வேலை கொடுத்தவருக்கே போகும். பல்கலைக்கழகங்கள் இதில் ஒன்றுக்கொன்று மாறுபடும். நிதி கொடுத்தவரின் நிபந்தனையும் மேலே உட்காரும். நீங்கள் இருக்கும் இடத்தின் அறிவுசார் சொத்து அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, திறந்த உரிமத்தில் வெளியிட அனுமதி கேளுங்கள். கிடைத்தால் நீங்களும் எடுத்துப் போகலாம், உங்கள் வழிகாட்டியின் அடுத்த மாணவரும் பயன்படுத்தலாம். அனுமதி வராமல் பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். புதிய நிறுவனத்தின் கருவிக்குள் அது நுழைந்துவிட்டால் வம்பு உங்களோடு நிற்காது.

தேற்றம் வேறு. வெளியான சூத்திரத்துக்கு யாரும் பூட்டுப் போட முடியாது. அதை வைத்துப் புதிதாக நிரல் எழுத உங்களுக்கு எத்தனை நாள் ஆகும்? மூன்று வாரம்? இரண்டாவது முறை எழுதும் நிரல் எப்போதும் நன்றாகவே வரும்.

சோனார்

இதில் உங்களுக்காக நான் முடிவெடுக்க முடியாது. இந்தத் துறையின் வரலாறு சுத்தமானது என்று நினைத்து வருந்த வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ட்செவ் விளிம்புச் சிதறல் பற்றி 1962இல் வெளிப்படையாக வெளியிட்ட நூலை அமெரிக்க விமானப்படை மொழிபெயர்த்து வைத்துக்கொண்டது. ரேடாருக்கு எளிதில் அகப்படாத விமானத்தின் வடிவமைப்பில் அந்தக் கணக்கு பயன்பட்டது. எழுதியவருக்கு அதில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. நீங்கள் குறைந்தபட்சம் கேட்கவாவது முடியும்: முதல் இரண்டு வருடம் எந்தத் திட்டத்தில் இருப்பேன், பாதுகாப்புத் திட்டத்துக்கு மாற்றினால் மறுக்கும் உரிமை உண்டா என்று. மனசாட்சி ஒரு பக்கம் இருக்க, நடைமுறைக் காரணமும் உண்டு. அப்படிப்பட்ட திட்டத்தில் செய்த வேலையைப் பற்றிப் பிறகு நேர்காணலில்கூட வாய் திறக்க முடியாமல் போகலாம். திரும்பும் வழியை அடைப்பது இதுதான், நிறுவனம் என்ற சொல் அல்ல.

கையெழுத்துக்கு முன்

மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்பது கணக்கில் வராது.

1. வெளியீடு. "நிறுவனத்தின் அனுமதியோடு வெளியிடலாம்" என்று அவர்கள் எழுதியிருக்கிறார்கள். அனுமதி தர எத்தனை நாள் என்று அதில் இல்லை. காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன்பே கட்டுரை வெளியானால் பல நாடுகளில் புதுமை போய்விடும் என்பதால் அவர்கள் அவகாசம் கேட்பது நியாயம்தான். 60 நாளோ 90 நாளோ ஒரு எண்ணைப் போடச் சொல்லுங்கள், அதற்குள் பதில் வராவிட்டால் அனுமதித்ததாகக் கொள்ளப்படும் என்ற வாக்கியத்தோடு. அளவீட்டுத் தரவும் வாடிக்கையாளர் பெயரும் வெளியே போகாது, கணித முறை போகலாம் என்று நீங்களே பிரித்துக் காட்டினால் பேச்சு எளிதாகும்.

2. பழைய வேலைகளின் பட்டியல். சேரும் முன்பே உங்களிடம் இருந்த முடிவுகள், பாதியில் நிற்கும் கட்டுரைகள், முறைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். அது இல்லாவிட்டால் முன்பே உங்களிடம் இருந்ததையும் அடுத்த வருடம் அவர்களுடையது என்று சொல்ல இடமுண்டு.

3. விலகிய பின் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற பிரிவு. இரண்டு வருடம் என்று போட்டிருக்கிறார்கள். இது எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. உள்ளூர் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கொடுத்துக் கேளுங்கள். பல்கலைக்கழகமும் ஆய்வு மையமும் "போட்டி" ஆகாது என்று ஒரு வரி சேர்க்க முடிந்தால் சேருங்கள்.

இவற்றைக் கேட்டால் வாய்ப்பைப் பறித்துக்கொள்வார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். ஆராய்ச்சியாளரை வேலைக்கு எடுத்துப் பழகிய நிறுவனம் இந்தக் கேள்விகளை எதிர்பார்த்தே இருக்கும். கேட்டதற்காகப் பின்வாங்குகிற இடம் என்றால் அதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கணவரின் வேலை மாறுதல் பற்றிக் கடைசிப் பத்தியில் அரை வரி சொருகி, "அது பெரிய விஷயமில்லை" என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடம் வேறு வேறு ஊரில் இருந்துவிட்டு இப்போது முதல் முறையாக இருவருக்கும் ஒரே ஊரில் வேலை கிடைக்கிறது என்றால், அது முதல் பத்தியில் வர வேண்டிய விஷயம். முடிவெடுக்கும்போது அதையும் கணக்கில் சேர்க்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பாதியில் நிற்கும் இரண்டு கட்டுரைகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலாவதில் எண்கணக்கு மட்டும்தான் பாக்கி. மீதமுள்ள ஐந்து மாதத்தில் அதை முடித்து, வேலையில் சேரும் முன் அனுப்பிவிடுங்கள். இரண்டாவதில் வீனர்–ஹாப் முறையின் முக்கியப் படியான காரணிப்படுத்தலே இன்னும் கைகூடவில்லை என்கிறீர்கள். குறிப்புகளைச் சுத்தமாக எழுதி வழிகாட்டியிடம் கொடுங்கள், பழைய வேலைகளின் பட்டியலிலும் அதன் தலைப்பைச் சேருங்கள். அந்தக் குறிப்புகளைக் கையில் கொடுக்கும்போதே நீட்டிப்பு வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். மின்னஞ்சலில் சொல்லாதீர்கள், நேரில் போய்ச் சொல்லுங்கள்.